பொங்கலுக்குத் தன் வீட்டுப் பானையை விட்டு என்னோடு வந்து நிற்கிற சிநேகிதருக்கு என்ன செய்வது?

நிழல்பிடிப்பவன்:

வணக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் கலியாணம், சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு), கோயில் திருவிழா எல்லாம் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். கேள்வி கமரா பற்றியோ லென்ஸ் பற்றியோ இல்லை. படக்காரர் மன்றத்தின் இந்தப் பகுதிக்குப் பொருந்தாது என்றால் மாற்றிவிடுங்கள்.

எனக்கு மூன்று சிநேகிதர்கள். ஒருவன் ஓட்டோ ஓடுகிறான், ஒருவன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், மற்றவனுக்குத் தோட்டம், வெங்காயமும் புகையிலையும். மூவரில் யாரும் படத்தொழில் செய்கிறவர்கள் இல்லை. ஆனால் ஆவணியில் வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கி, நல்லூர்த் தேரும் இரண்டு கலியாணமும் ஒரே கிழமையில் விழுகிற நேரத்தில் லைட் பிடிப்பதும், மழை தூறினால் கமராவுக்குக் குடை பிடிப்பதும், தீர்ந்த பற்றரியை வீட்டுக்குக் கொண்டோடி சார்ஜ் போட்டுத் திரும்ப வருவதும் இவர்கள்தான். கேட்காமலே வருவார்கள். அதுதான் கஷ்டம். கேட்டு வந்தவனிடம் கூலி எவ்வளவு என்று கேட்கலாம்.

கலியாண நாட்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அங்கே சாப்பாடாவது கிடைக்கும். தைப்பொங்கல்தான் மனதை அரிக்கிறது. இப்போது புதுவீடு கட்டினவர்கள், கன காலத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு ஊருக்கு வந்தவர்கள் எல்லாம் பொங்கலைப் படமெடுக்கக் கூப்பிடுகிறார்கள். நல்ல காசு, மறுக்க முடியாது. விடியப்புறம் நான்கு மணிக்கு நான் வெளிக்கிட, இவர்களும் வந்து நிற்பார்கள். யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் பால் பொங்கிச் சீனவெடி வெடிக்கிற அதே நேரம் இவர்களுடைய வீட்டுப் பானையும் பொங்கும், இவர்கள் இல்லாமலே. ஆறிப்போன பொங்கல் புக்கையைத்தான் போய்ச் சாப்பிடுவார்கள்.

காசு கொடுத்துப் பார்த்தேன். "டேய், நான் என்ன கூலிக்கே வந்தனான்?" என்று ஓட்டோக்காரன் ஒரு கிழமை கதைக்கவில்லை. சரி என்று தீபாவளிக்கு மூவருக்கும் சேட்டு எடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு என் மகளுக்கு ஒரு சைக்கிள் வந்து இறங்கியது! அதற்குப் பிறகு எதையாவது வாங்கிக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

மார்கழியில் கலியாணம் இல்லையே, அதனால் இருந்து ஹார்ட் டிஸ்க்கைத் துப்புரவாக்கினேன். ஆயிரக்கணக்கில் படங்கள். அதில் என் சிநேகிதர்கள் எங்கே என்று தேடினால் ஒரு மூலையில் ஒரு முழங்கை, இன்னொன்றில் ரிஃப்ளெக்டரின் அரைவட்டமும் அதைப் பிடித்த நான்கு விரலும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது அதை வெட்டிவிடுவதுதான் எங்கள் தொழில். ஊரில் இருக்கிற எல்லாருடைய பண்டிகையும் என்னிடம் இருக்கிறது, இவர்களுடையது மட்டும் இல்லை.

படம் எடுக்கிறவர்களே, கூட நிற்பவர்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பொங்கலுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

---

பழைய_நெகட்டிவ்:

தம்பி, நான் ஸ்ரூடியோ வைத்திருந்தவன், இப்போது மகன் பார்க்கிறான். நேரே சொல்கிறேன். சேட்டும் வேண்டாம் சைக்கிளும் வேண்டாம், உமக்குத் தெரிந்த தொழிலால் கொடும். அவர்களுடைய தாய் தகப்பனை எடுத்து, பிரிண்ட் போட்டு, பிரேம் பண்ணிக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டு வாரும். அதற்கு எவனும் உமக்குச் சைக்கிள் வாங்கித் தர மாட்டான்.

ஏன் சொல்கிறேன் என்றால், 1990இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போன பிறகு நாங்கள் தொழில் செய்த விதம் உங்களுக்கெல்லாம் கதையாகத்தான் இருக்கும். பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். பெற்றோல் கொஞ்சம் ஊற்றி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மெஷினை நம்பித்தான் இருட்டறை. 36 படம் உள்ள ஒரு சுருளை ஒரு கலியாணத்துக்கு முழுதாகக் கொடுத்தால் அது பெரிய இடத்துக் கலியாணம். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கை யோசிக்கும். அந்த யோசனையில் வெட்டுப்பட்டவர்கள் யார் தெரியுமோ? ஆச்சிமார், அப்புமார். மாப்பிள்ளை பொம்பிளைக்கும் சம்பந்திமாருக்கும் சுருள் முடிந்துவிடும்.

பிறகு 1995 ஒக்டோபர் 30, யுத்தத்தில் பெரிய இடம்பெயர்வு. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கம் நடந்தது. காணி உறுதி, நகை, அரிசி, பிள்ளைகள், இவற்றோடு அல்பத்தையும் தூக்கினவர்கள் கொஞ்சப் பேர்தான், அது பாரம். 1996இல் திரும்பி வந்து பார்த்தால் அல்பம் இருந்த அலுமாரியே இல்லை, சில வீடுகளில் கூரையும் இல்லை. அதற்குப் பிறகு கன வருடம் என் கடைக்கு வந்த வேலையில் பெரும் பங்கு இதுதான்: செத்தவீடு நடந்த வீட்டில் இருந்து ஒருவர் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவருவார். "அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேணும், இதைப் பெருப்பிச்சுத் தாருங்கோ, வேற படம் இல்லை." கல்வெட்டு என்றால் செத்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கிற நினைவுப் புத்தகம். தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய, முத்திரை விழுந்த, லமினேற் பண்ணிய ஒரு முகம். அதை எட்டுக்குப் பத்து ஆக்கினால் என்ன வரும்? புள்ளியும் புகையும். சிரித்துக்கொண்டே வாழ்ந்த மனிசி அடையாள அட்டைக்கு முறைத்துப் பார்த்தபடி சுவரில் தொங்குவா, காலத்துக்கும்.

ஆகவே உம்முடைய மூன்று சிநேகிதர் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் இந்தப் பொங்கலுக்கு முன்னமே போய் எடும். பண்டிகை உடுப்பில் வேண்டாம், கிணற்றடியிலோ திண்ணையிலோ அவர்கள் வழக்கமாக இருக்கிற இடத்தில். கைபேசிக்கு அனுப்பிவிட்டு எடுத்துத்தந்தேன் என்று சொல்லவும் வேண்டாம், கடதாசியில் போடும். ஒன்று மட்டும், அந்த ஒட்டுகிற பக்கமும் பிளாஸ்ரிக் உறையும் உள்ள பழைய மாதிரி அல்பத்தில் வைக்காதேயும். எங்கள் வெக்கையில் அந்தப் பசை படத்தோடு சேர்ந்து மஞ்சளாகிவிடும், கழற்றினால் முகம் பிளாஸ்ரிக்கோடு போகும்.

---

லைட்_தூக்கி:

நான் இந்தக் கதையின் மற்றப் பக்கத்தில் நிற்கிறவன். ஐந்தாறு வருடமாகப் படக்காரர்களோடு லைட் பிடித்திருக்கிறேன், அதில் ஒருவர் "நீ என்ர தம்பி மாதிரி" என்று சொல்லிச் சொல்லியே ஒரு சீசன் முழுக்க ஒரு சதம் தரவில்லை. அதனால் பெரியவர் சொன்னது அழகாக இருந்தாலும் எனக்கு முழுதாக ஒத்துவரவில்லை.

அண்ணை, நீங்கள் அந்த வீட்டுக்காரரிடம் காசு வாங்குகிறீர்கள். அப்படியென்றால் அது வேலை, பக்கத்தில் நிற்பவன் செய்வதும் வேலைதான். சிநேகிதன் காசு வேண்டாம் என்று கோபித்தால் அது அவனுடைய பெருந்தன்மை, அதை நீங்கள் வருடம் வருடம் வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்று அர்த்தமில்லை. கையில் திணித்தால் கோபம் வரத்தான் செய்யும். வேலைக்கு முன்னமே "இந்த வேலையில் லைட்டுக்கு இவ்வளவு" என்று விலைக்குள் சேர்த்து வாடிக்கையாளரிடம் சொல்லி, அவர்களே நேரே கொடுக்கிற மாதிரிச் செய்யுங்கள். உங்கள் கையால் போகாத காசுக்கு அவன் உங்களோடு கோபிக்க முடியாது.

இன்னொன்று, கேள்வியிலேயே பதில் இருக்கிறது, நீங்கள்தான் சுற்றிப் போகிறீர்கள். அவன் வீட்டுப் பானை அவன் இல்லாமல் பொங்குகிறது என்றால் அவனை வீட்டில் நிற்க விடுங்கள்! பொங்கல் படத்துக்கு லைட் எதற்கு? சூரியனுக்குச் செய்கிற பண்டிகை, வெளிச்சத்தை அவரே கொண்டுவருகிறார்.

---

வடமராட்சி_மகள்:

கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன், ஆனால் லைட்_தூக்கி தம்பி, ஆறரை மணிக்குத்தானே சூரியன் வரும். அதற்கு முன்னம் கோலம் போடுவதும் அடுப்பு மூட்டுவதும் எல்லாம் இருட்டில்தான் நடக்கிறது, அதை யாரும் எடுப்பதில்லை என்பதுதான் என் குறை. நான் படக்காரி இல்லை, தம்பி ஒருவன் இந்தத் தொழிலில் இருக்கிறான், அவனுடைய படங்களைப் பார்த்துப் பார்த்து வந்த வாய் இது.

எல்லாப் பொங்கல் படமும் ஒரே படம். அப்பா மூன்று தரம் கையில் அரிசியை அள்ளிப் பானையைச் சுற்றிப் போடுவார், பால் பொங்கி வழியும், எல்லாரும் கும்பிடுவார்கள். சரி. அந்த அடுப்பை யார் மூட்டினது? விடிய மூன்றரைக்கு எழும்பி முற்றத்தைக் கூட்டிச் சாணம் தெளித்து, உலக்கையைப் படுக்கவைத்து அதன் ஓரத்தில் அரிசிமாவால் நேர்கோடு இழுத்து, பானைக் கழுத்தில் இஞ்சி இலையும் மஞ்சள் இலையும் கட்டி, அடுப்பு எரிக்கப் பன்னாடையும் கொக்கரையும் காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து அடுக்கி வைத்தவ யார்? மார்கழி மழையில் நனைந்த பாளையை ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்கிற மனிசி, படம் எடுக்கிற நேரம் "பொறுங்கோ சீலை மாத்திக்கொண்டு வாறன்" என்று உள்ளே ஓடுவா, திரும்பி வர பால் பொங்கி முடிந்திருக்கும்.

நிழல்பிடிப்பவன் அண்ணா, உங்கள் சிநேகிதரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், நல்லது. ஆனால் உங்கள் சிநேகிதர் இல்லாத வீட்டில் பானையை இறக்கினது யார், அவர்களுடைய மனைவிமார்தானே? கடன் இருந்தால் பாதி அவர்களுக்கு. அந்தப் படம் ஒன்று அவர்களுக்குக் கொடுங்கள், ஊதுகிற நேரத்துப் படம், சீலை மாற்றுவதற்கு முன்னம்.

பிறகு, எங்கள் பக்கம் பொங்கல் பின்னேரம் வல்வெட்டித்துறையில் பட்டத் திருவிழா நடக்கிறதே, அதிலும் இதே கதைதான். வாடைக்காற்று கடலில் இருந்து அடிக்கும், பட்டம் ஊர்ப்பக்கமாக ஏறும், பின்னேர வெயிலில் தாள் எல்லாம் கண்ணாடி மாதிரி ஒளிரும். படக்காரர் எல்லாரும் அண்ணாந்தபடி. கீழே பாருங்கோ. பெரிய பட்டம் ஒன்றை ஏற்ற எத்தனை பேர்! தூக்கிப் பிடிக்க ஒரு கூட்டம், கயிற்றை இழுத்துக்கொண்டு மணலில் ஓட ஒரு கூட்டம், சிக்கெடுக்க ஒருவன், "விடு விடு" என்று கத்த மட்டும் ஒருவன். கட்டினவனுக்குப் பரிசு. கயிறு இழுத்தவனுக்கு உள்ளங்கையில் சிவப்புக் கோடு. அந்தக் கையை ஒருவர் எடுத்துக் கொடுத்தால் அவன் அதை வீட்டில் மாட்டுவான், எனக்கு நிச்சயம்.

---

ஸ்காபரோ_குளிர்:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். கனடாவில் நாங்கள் பொங்குவது பத்தாம் மாடியில், மின்சார அடுப்பில். புகை வந்தால் அபாயமணி அடிக்கும் என்று யன்னலைத் திறந்துவைத்தால் மைனஸ் குளிர் உள்ளே வருகிறது. பால் பொங்குகிற நேரம் ஒருவர் துவாயால் மணிக்கு விசுக்கிக்கொண்டு நிற்கவேண்டும், அது எங்கள் வீட்டுச் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

அம்மா இன்னும் கொக்குவிலில் தனியே பொங்குகிறா. போன வருடம் அங்கே பக்கத்து வளவுப் பொடியன் ஒருவன் நான் கேட்காமலே அம்மா பொங்குவதை எடுத்து அனுப்பினான். அவனுக்கு நான் என்ன செய்யலாம் என்று யோசித்துப் பணம் அனுப்பக் கேட்டேன், அவன் கேட்டது என்ன தெரியுமா? "அண்ணை, அன்ரிக்குப் படம் காட்டினனான், அவ தன்ர கை நடுங்கிறது தெரியுது எண்டு கவலைப்படுறா, அடுத்த முறை கை தெரியாமல் எடுக்கவோ?" நான் கையையே எடுக்கச் சொன்னேன்.

அவ்வளவுதான். தொடருங்கள்.

---

பழைய_நெகட்டிவ்:

லைட்_தூக்கி தம்பி, நீர் சொன்ன காசு விசயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. எங்கள் காலத்தில் உதவிக்கு நின்ற பொடியனுக்குச் சாப்பாடும் சினிமாவுக்குக் காசும் கொடுத்தால் போதும் என்று நினைத்த முதலாளிமார் இருந்தார்கள், அந்தப் பழக்கம் ஊரில் இன்னும் போகவில்லை. ஆனால் நிழல்பிடிப்பவன் கேட்பது உதவியாளனைப் பற்றி அல்ல. வெங்காயம் கிண்டுகிறவன் தன் தோட்டத்து வேலையை விட்டு வந்து நிற்பதற்கு வாடிக்கையாளர் கொடுக்கிற லைட்டுக் காசு ஈடாகாது. அவன் காசுக்கு வரவே இல்லை.

நல்லூர்த் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் வைத்திருக்கிறவர்களைப் பாரும். இருபத்தைந்து நாளும் மோரும் சர்க்கரைத் தண்ணியும் ஊற்றிக் கொடுப்பார்கள். தேரன்று வெயிலில் அங்கப்பிரதட்சணம் பண்ணி மணலோடு வருகிறவன் இரண்டு குவளை குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவான், யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. குடித்தவன் ஊருக்குப் போய் அடுத்த முறை தன் கோயிலில் ஊற்றுவான். கணக்கு அப்படித்தான் நேர்ப்படும்.

---

லைட்_தூக்கி:

ஐயா, தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றுகிறவர் யாருக்கும் பில் போடுவதில்லை. படக்காரர் போடுகிறார். நான் சொல்வது அவ்வளவுதான். 🙂

---

நிழல்பிடிப்பவன்:

எல்லாருக்கும் பதில் போடவேண்டும், ஒவ்வொன்றாக வருகிறேன்.

பெரியவர் சொன்ன அடையாள அட்டைக் கதையை வாசித்துவிட்டு நேற்றுப் பின்னேரமே தோட்டக்காரன் வீட்டுக்குக் கமராவோடு போனேன். அவனுடைய அப்பு வெங்காயத் தாரைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். எடுக்கப் போகிறேன் என்றதும் சால்வையைத் தேடினார். வேண்டாம் அப்பு, அப்படியே கட்டுங்கோ என்றேன். 50 மில்லிமீற்றர் லென்ஸ், கொட்டிலின் வாசல் வெளிச்சம் மட்டும். இடது கையில் தாரைப் பிடித்து வலது கையால் நாரைச் சுற்றி ஒரு முடிச்சு, பல்லால் இழுத்து இறுக்குகிறார். அந்தப் பல்லால் இழுக்கிறதுதான் படம். மகன் பின்னால் நின்று பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, போகும்போது ஒரு பை வெங்காயம் சைக்கிளில் தொங்கியது. திரும்பத் தந்துவிட்டான், பாருங்கள்! ஆனால் இந்த வெங்காயத்தோடு எனக்குப் பிரச்சினை இல்லை.

லைட்_தூக்கி தம்பி, வாடிக்கையாளரையே கொடுக்கச் சொல்லுகிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, ஆவணிக் கலியாணங்களுக்கு அப்படியே செய்யப்போகிறேன். பொங்கலுக்கு அது சரிவராது, ஏனென்றால் என் சங்கடம் காசு அல்ல, அந்த ஒரு மணித்தியாலம். அவர்களை வீட்டில் நிற்கச் சொன்னால் நான் தனியாகக் கஷ்டப்படுகிறேன் என்று இன்னும் வேளைக்கு வந்துவிடுவார்கள். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

வடமராட்சி அக்கா, விடிய மூன்றரைக்கு அடுப்பு மூட்டுவதை எடுக்க என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன். பிளாஷ் போட்டால் நெருப்பின் நிறம் செத்துவிடும். கமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200க்கு ஏற்றி, குத்துவிளக்கு வெளிச்சத்தையும் அடுப்பு வெளிச்சத்தையும் மட்டும் வைத்துத்தான் எடுக்கவேண்டும். கிழக்குப் பக்கம் போய் நின்றால் முகம் நன்றாக விழும், ஆனால் அங்கே நின்றால் வீட்டுப் பெரியவர்கள் "சூரியனை மறையாதை, தள்ளி நில்லு" என்று பேசுவார்கள், நியாயமும் அதுதான். ஆகவே வடகிழக்கு மூலை.

---

குருநகர்ப்_பொடியன்:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு இருந்தேன். வழி என்னிடம் இருக்கிறது.

நான் வேதக்காரன், கத்தோலிக்கன். கலியாணம், முதல்நன்மை, கோவில் பெருநாள் எடுக்கிறவன். தைப்பொங்கலன்று எங்கள் வீட்டில் பானை இல்லை, பக்கத்து வீடுகளில் இருந்து மத்தியானம் புக்கை வரும், சாப்பிட்டுவிட்டுப் படுப்பதுதான் என் பொங்கல். விடிய நான்கு மணிக்கு நான் வந்து உங்களோடு நிற்கிறேன். உங்கள் சிநேகிதர்களிடம் ஆள் வந்துவிட்டது என்று சொல்லுங்கள், அவர்களுக்குத் தாங்கள் தேவையில்லை என்று கோபம் வரும், பரவாயில்லை, அது ஒரு நாள் கோபம்.

இதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லவில்லை, லைட்_தூக்கி என்னை அடிப்பார். எனக்கு வேண்டியது நத்தார் இரவு. நடுச்சாமப் பூசையை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், பாலன் பிறப்புக்கு மணி அடிக்கிற நேரம் நான் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் நிற்பேன், செபத்துக்கு அல்ல, கோணத்துக்கு. அம்மாவோடு வாங்கிலில் இருந்து பூசை கண்டு கன காலம். அடுத்த நத்தாருக்கு நீங்கள் வந்து கமராவைப் பிடியுங்கள், நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். யூன் மாதம் 13 பாசையூர் அந்தோனியார் பெருநாளுக்கும் ஆள் தேவைப்படும், அது பிறகு கதைப்போம்.

உங்களிடம் இருப்பது நிக்கோனா கனனா? என்னுடையது கனன். லென்ஸ் மாற்றிப் போட முடியாவிட்டால் என் பையையும் முழுதாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும், மழை இருந்தால் மோட்டார் சைக்கிளில் கஷ்டம்.

---

நிழல்பிடிப்பவன்:

கனன்தான் தம்பி! 70-200 லென்ஸ் என்னிடம் இருக்கிறது, நீங்கள் லென்ஸ் இல்லாமல் கமரா பொடியை மட்டும் கொண்டுவந்தால் போதும். நான்கு மணிக்கு வேண்டாம், மூன்றேகாலுக்கு வாருங்கள், வடமராட்சி அக்கா சொன்னதில் இருந்து தொடங்கவேண்டும். முதல் வீடு கோண்டாவிலில், உள்ளே வருகிற வழியை வட்ஸ்அப்பில் போடுகிறேன்.

ஏழரைக்கு அங்கே வேலை முடிந்துவிடும். பிறகு வேறு எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. வாத்தியார் வீட்டில் எப்போதும் பிந்தித்தான் பொங்குவார்கள், அவருக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. நேரே அங்கே போவோம்.

பெரியவர், அப்புவின் படத்தை எட்டுக்குப் பன்னிரண்டில் போடப்போகிறேன். மட் கடதாசியா குளொஸியா?

---

பழைய_நெகட்டிவ்:

மட். தோட்டக்கார வீடு, எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள், குளொஸியில் விரல் அடையாளம் விழும். பிரேமுக்குள் கண்ணாடி படத்தில் முட்டாமல் நடுவில் அட்டை வைத்துக் கட்டச் சொல்லும், இல்லாவிட்டால் மாரியில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தில் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதிவிடும், பேனை வேண்டாம்.